திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பொதுச் சுகாதாரப் பணி

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பொதுச் சுகாதாரப் பணி என்பது, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள இத்தொழிற்பகுதியில் நோய்த்தடுப்பு, குடிநீர்த் தூய்மை, கொசு ஒழிப்பு, கழிவு அகற்றல், தங்கும் விடுதிகளின் மேற்பார்வை ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்புகளும் மாநில அரசுத் துறைகளும் சேர்ந்து நடத்தும் முறையைக் குறிக்கும். இங்கிலாந்தில் 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வழி உருவான உள்ளூர்ச் சுகாதாரக் குழுவைப் போன்று, ஓர் ஊரின் சுகாதாரம் முழுவதையும் கவனிக்கும் தனியொரு அமைப்பு இங்கு இல்லை. அப்பணி பல துறைகளுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. ஒருவர் ஓர் ஊராட்சியில் உறங்கி, மற்றோர் ஊராட்சியில் வேலை செய்து, மூன்றாவது ஊரில் சமைத்த உணவை உண்ணும் பகுதி இது. எனவே அப்பிரிவினையின் விளைவுகள் பிற இடங்களைவிட இங்குத் தெளிவாகத் தெரிகின்றன.

பகுதியும் மக்களும்

திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர் எனவும் எழுதப்படும்) சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது. வைணவ ஆசாரியரான இராமானுசர் பிறந்த ஊர் இதுவாகும். ஒரகடம் இதற்குத் தெற்கே, வண்டலூர்–வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையிலும் சுற்றிலும் இருங்காட்டுக்கோட்டை, வல்லம்–வடகால், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் உருவாக்கியது.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை வந்தது. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ரெனோ–நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர் ஆகியவற்றின் ஆலைகள் 2010ஆம் ஆண்டு தொடங்கி ஒரகடம் பக்கம் அமைந்தன.

திருப்பெரும்புதூர் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து, 2020களில் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 16 ஆயிரத்தை ஒட்டியும், 2011இல் 24 ஆயிரத்தை ஒட்டியும் இருந்தது. இவ்வெண்களைக் கொண்டு சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கையைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாம் போன்ற வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து சில மாதங்களோ சில ஆண்டுகளோ தங்கிச் செல்லும் தொழிலாளர்களுள் பலர், கணக்கெடுப்பின்போதும் குடும்ப அட்டையிலும் சொந்த ஊரிலேயே எண்ணப்படுகின்றனர். ஆனால் அவர்கள் குடிக்கும் நீரும் அவர்களது கழிவும் இந்த ஊரைச் சேர்ந்தவை.

சட்ட அடிப்படை

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித்துறை 1922இல் அமைக்கப்பட்டது. மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவத் துறையிலிருந்து இது வேறானது. நோயாளிக்குச் சிகிச்சையளிப்பதும் நோய் வராமற் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்ற கருத்து அப்பொழுதே ஏற்கப்பட்டதைத் தமிழ்நாட்டின் தனிச்சிறப்பாகப் பலர் குறிப்பிடுவர். இத்துறை பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை என்ற பெயரில் தொடர்ந்து இயங்கி வருகிறது.

1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் இயற்றப்பட்ட முதலாவது சட்டமாகும். குடிநீர், வடிகால், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், தங்கும் விடுதிகள், திருவிழாக்கள் ஆகியன குறித்து இதில் விதிகள் உள்ளன. திருவிழாக்களுக்கெனத் தனி அத்தியாயம் இருப்பது வியப்புக்குரியதன்று. வாந்திபேதி எனப்படும் காலரா, கோயில் விழாக்களுக்குக் கூடிய மக்கள் வழியாகவே அக்காலத்தில் ஊர்விட்டு ஊர் பரவியது. ஓர் இடத்தில் திரளாகக் கூடி, பொதுவான நீரைக் குடித்து, பொதுவான சமையலை உண்டு, பிறகு கலைந்து செல்லும் மக்கள்கூட்டத்தை இச்சட்டம் ஓர் ஆபத்தாகக் கண்டது. திருப்பெரும்புதூரில் சித்திரைத் திருவிழாவுக்கு வருவோர் சில நாட்களில் திரும்பிவிடுவர். தொழிற்பேட்டைக்கு வருவோர் திரும்புவதில்லை என்பதே வேறுபாடு.

இச்சட்டம் நடைமுறையில் இருந்து வருகிறது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020 செப்டம்பரில், முகக்கவசம் அணியாதோரிடமும் பொது இடத்தில் எச்சில் துப்புவோரிடமும் அந்த இடத்திலேயே தண்டத்தொகை பெறும் வகையில் இது திருத்தப்பட்டது.

யார் எதற்குப் பொறுப்பு

ஊரக ஊராட்சிகளில் அன்றாடப் பணி வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்தது. வட்டார மருத்துவ அலுவலரின் கீழ்ச் சுகாதார மேற்பார்வையாளரும் சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பணியாற்றுகின்றனர். இவர்கள் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினர். குப்பை அள்ளுவதும், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதும், கால்வாய் தூர்வாருவதும் ஊராட்சியின் பொறுப்பு. நகர்ப்புற உள்ளாட்சிகளில் இப்பணிகளை அவற்றின் சுகாதாரப் பிரிவும் தூய்மைப் பணியாளர்களும் செய்கின்றனர். சென்னையையும் இப்பகுதியையும் இணைக்கும் சாலையில் உள்ள பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனம் ஒன்று உண்டு. களப்பணியாளர்கள் பலர் அங்குப் பயிற்சி பெற்றவர்கள்.

ஆலையின் மதிற்சுவருக்குள் நிலை வேறு. அங்குக் குடிநீர், கழிப்பறை, காற்றோட்டம் முதலியவற்றைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கண்காணிக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்க வழிசெய்தது. அதனிடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 100 ஆகக் குறைத்துள்ளது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தவை.

உணவு ஆய்வு முன்னர் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளர்களிடம் இருந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, அது மாவட்ட அளவிலான தனித்துறைக்கு மாறியது. சட்ட அறிவும் ஆய்வுக்கூட வசதியும் இதனால் மேம்பட்டன. ஆனால் தெருவை நன்கறிந்த ஆய்வாளர் சமையற்கூடத்துக்குள் நுழையும் அதிகாரம் குறைந்தது. பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவேண்டும். பெயரே காட்டுவது போல, ஆண் தொழிலாளர் தங்கும் இடங்களை இச்சட்டம் தொடுவதில்லை.

2021 டிசம்பர் நிகழ்வு

இப்பிரிவினையின் பொருளை நாடு முழுதும் அறியச் செய்தது 2021 டிசம்பரில் நிகழ்ந்த உணவு நஞ்சாதல் ஆகும். சுங்குவார்சத்திரம் அருகே ஆப்பிள் நிறுவனத்துக்குக் கைபேசி தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் ஏறத்தாழ 17 ஆயிரம் பேர் வேலை செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அவர்களுள் ஒரு பகுதியினர் தங்கிய விடுதியோ திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி அருகே இருந்தது. நாள்தோறும் பேருந்துகள் இவ்விரண்டு இடங்களுக்குமிடையே அவர்களை ஏற்றிச் சென்றன.

டிசம்பர் நடுவில் அவ்விடுதியில் உணவு உண்ட பெண்கள் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மேலும் ஏறத்தாழ 100 பேருக்கு வெளிநோயாளிகளாகச் சிகிச்சை தேவைப்பட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சமையற்கூடத்தில் எலிகளையும் சீர்கெட்ட வடிகாலையும் கண்டு அதனை மூடினர். எடுக்கப்பட்ட உணவு மாதிரிகள் தரத்தில் தேறவில்லை. விடுதி அறைகளில் 6 முதல் 30 பேர் வரை தங்கியதாகவும், பலர் தரையில் உறங்கியதாகவும், சில கழிப்பறைகளில் நீர் வரவில்லை என்றும் அங்கிருந்த பெண்கள் செய்தியாளர்களிடம் கூறினர்.

நோயுற்ற சிலர் எந்த மருத்துவமனையில் உள்ளனர் என்பது உடன் தங்கியிருந்தோருக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி கைபேசிகள் வழியே பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். இறப்பு எதுவும் நிகழவில்லை என அரசு அறிவித்தது. நோய் பற்றிய செய்தியை நோயுற்றோரின் தோழியருக்கு உரிய நேரத்தில் சொல்வதும் சுகாதாரப் பணியே. அது நடவாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொண்டது. ஆலை டிசம்பர் 18 முதல் மூடப்பட்டது. தொலைவிலுள்ள தங்குமிடங்கள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் தேவைகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், டிசம்பர் 29இல் ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12இல் பணி மீண்டும் தொடங்கியது.

இதில் கவனிக்கத்தக்கது, ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் செயல்படக்கூடியதாகவே இருந்தது என்பதாகும். சமையற்கூடத்தை மூடும் அதிகாரம் ஒரு துறைக்கு இருந்தது. ஆலையை ஆய்வு செய்யும் அதிகாரம் வேறொரு துறைக்கு. விடுதிக்கு உரிமம் தரும் அதிகாரம் ஆட்சியருக்கு. ஆயினும் ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கலாம், அவர்களுக்கு எத்தனை கழிப்பறை வேண்டும், அவர்களது சோறு எங்கே வேகிறது என்பவற்றை ஒருங்கே கேட்கவேண்டியவர் ஒருவராக இல்லை.

உணவு நஞ்சாதலை ஆராயும் முறை

இத்தகைய நிகழ்வில் முதற்கேள்வி, உண்டதற்கும் நோய் கண்டதற்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு என்பதாகும். 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி முன்னிற்குமாயின் ஸ்டஃபைலோகாக்கசு என்னும் நுண்ணுயிரின் நச்சையோ, ஆறிய சோற்றில் பெருகும் பேசிலசு சீரியசின் நச்சையோ ஐயுறுவர். 8 முதல் 16 மணி நேரம் எனில், பெரிய பாத்திரத்தில் சமைத்து மெல்ல ஆறவிட்ட குழம்பில் பெருகும் கிளாசுட்ரிடியம் நினைவுக்கு வரும். காய்ச்சலுடன் அதற்கும் பிந்தினால் சால்மோனெல்லாவாக இருக்கலாம்.

அடுத்தது, எந்த உணவு என்பது. நோயுற்றோரை மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. நலமாக இருப்போரையும் கேட்கவேண்டும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனை விடுதியைக் கொள்வோம். 200 பேரில் 65 பேர் நோயுற்றனர். தேங்காய்ச் சட்னி உண்ட 150 பேரில் 60 பேர் நோயுற்றனர் (40 விழுக்காடு). உண்ணாத 50 பேரில் 5 பேர் நோயுற்றனர் (10 விழுக்காடு). தயிர் உண்ட 120 பேரில் 40 பேரும், உண்ணாத 80 பேரில் 25 பேரும் நோயுற்றனர். தயிரைப் பொறுத்தவரை இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு இல்லை. சட்னியில் அது நான்கு மடங்கு. எனவே சட்னியே ஐயத்துக்குரியது. நோயுற்றோர் 65 பேரில் 40 பேர் தயிர் உண்டவர்கள் என்பதை மட்டும் பார்த்தவர் தயிரைக் குற்றம் சொல்லியிருப்பார்.

இக்கணக்கைச் செய்ய யார் எதை உண்டனர் என்ற நினைவு மங்குமுன் கேட்டாகவேண்டும். மூன்று சுற்றுகளாக (ஷிப்டு) வேலைக்குச் செல்லும் விடுதியில், காலையில் கேட்பவருக்குப் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள்.

குடிநீர்

ஊராட்சிக் குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி நீர், கேன் நீர் என நான்கு வகை நீர் ஒரே கட்டடத்தில் பயன்படுவதுண்டு. குடிப்பது கேன் நீராயினும், பாத்திரம் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் தொட்டி நீரில்தான்.

தொட்டி நீரைத் தூய்மை செய்யச் சலவைத்தூள் (பிளீச்சிங் பவுடர்) கலக்கப்படுகிறது. புதிய தூளில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். 1 லட்சம் லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்க்க 200 கிராம் குளோரின், அதாவது ஏறத்தாழ 600 கிராம் தூள் தேவை. மூட்டை திறந்து கிடந்து வலு 20 விழுக்காடாகக் குறைந்திருந்தால் அதே பணிக்கு 1 கிலோகிராம் வேண்டும். இதனால்தான் தூளின் அளவைப் பதிவேட்டில் எழுதுவதைவிடக் குழாய் முனையில் எஞ்சிய குளோரினைச் சோதிப்பது முதன்மையானது. தூளை நேரே தொட்டியில் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிந்த நீரை ஊற்றுவது முறை. ஒரு மணி நேரமாவது விட்டே நீரைத் திறக்கவேண்டும். குழாய் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என இந்தியத் தரநிலை கூறுகிறது. தொற்றுக் காலங்களில் 0.5 மில்லிகிராம் எதிர்பார்க்கப்படும்.

கொசுவும் கட்டுமானமும்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு சாக்கடையில் வளர்வதில்லை. தேங்கிய நல்ல நீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். உலர்ந்த முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பழைய டயர்கள், மூடாத சிமெண்டுத் தொட்டிகள், கட்டுமானத் தளத்தில் பூச்சு இறுகுவதற்காகத் தேக்கிய நீர், பழைய இரும்புக் கடைகளின் உடைந்த பெட்டிகள் ஆகியவை இத்தொழிற்பகுதிக்கே உரிய வளர்ப்பிடங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் காலிசெய்து தேய்த்துக் கழுவுவதே முதன்மையான தடுப்பு. காலிசெய்ய இயலாத நீரில் டெமிஃபாசு என்னும் மருந்து லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் சேர்க்கப்படுகிறது. புகையடிப்பது மக்களுக்குக் கண்ணில் படும் பணி; ஆனால் அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்.

களப்பணியாளர்கள் 100 வீடுகளைப் பார்த்து 6 வீடுகளில் புழு கண்டால் வீட்டுக்குறியீடு 6 எனப்படும். இக்கொசு பகலில் கடிப்பது. பகலில் வீட்டில் இல்லாத மக்கள் நிறைந்த பகுதியில், வீடுகளை மட்டும் எண்ணும் குறியீடு பாதி உண்மையையே காட்டும். ஆலை வளாகமும் எண்ணப்படவேண்டும். இரவுச் சுற்று முடித்துப் பகலில் உறங்குவோர் பூட்டிய விடுதிக்குள் கடிபடுகின்றனர் என்பதும் உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் 23 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவான ஆண்டில், புழு கண்ட வளாகங்களின் உரிமையாளர்களிடம் பல இடங்களில் தண்டம் பெறப்பட்டது.

பெருந்தொற்றுக் காலம்

கோவிட்-19 தொற்றால் நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை 2020 மே மாதம் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில், ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்தபின் பணி 5 நாட்கள் நின்றது. ஒரகடத்தின் ரெனோ–நிசான் ஆலையில் இடைவெளி விதிகள் பின்பற்றப்படவில்லை என்று தொழிற்சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. நகரும் தயாரிப்பு வரிசையில் இருவருக்கிடையே எவ்வளவு தொலைவு இருக்கவேண்டும் என்பது வழக்கின் ஒரு கேள்வி. ஊரடங்கு விதிகளோ சில வகை ஆலைகளுக்கு விலக்கு அளித்திருந்தன. ஆலையை நேரில் பார்க்குமாறு தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளை நீதிமன்றம் பணித்தது.

கழிவுநீர்

புதைசாக்கடை இல்லாத ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் கழிவுநீர்த் தொட்டிகளையே நம்பியுள்ளன. 2022 அக்டோபரில் திருப்பெரும்புதூரில் தனியார் விடுதி ஒன்றின் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கிய மூவர் நச்சுவாயு தாக்கி இறந்தனர். தொட்டியில் சேரும் ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அழுகிய முட்டை நாற்றமுடையது எனினும், செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்வதால் நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாகக் கருதுவோர் உண்டு. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அதே காற்றையே உள்ளிழுக்கிறார். ஒரே தொட்டியில் பலர் இறப்பதற்கு இதுவே காரணம். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடைசெய்துள்ளது. உறிஞ்சு லாரிகள் இருக்கின்றன. அவை கழிவை எங்கே கொட்டுகின்றன என்பது மழைக்காலத்தில் ஏரிகளின் கேள்வியாகிறது.

பிற்கால மாற்றங்கள்

2024 ஜனவரியில், ஆலைகளுக்கே சென்று இரத்த அழுத்தமும் நீரிழிவும் சோதிக்கும் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. மதிற்சுவருக்குள் பொதுச் சுகாதாரத் துறை முறையாக நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்றாகும். இளவயதினர் மிகுந்த ஆலைகளில் இந்நோய்கள் முதலிடம் பெறுவது பொருத்தமா என்று கேட்கலாம். எனினும் சுற்றுமுறை வேலையும் உறக்கக் குறைவும் அவற்றுடன் தொடர்புடையவை.

2024 ஆகஸ்டு 17இல் வல்லம்–வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். ஏறத்தாழ 706 கோடி ரூபாய்ச் செலவில், 20 ஏக்கரில் எழுந்த இதில் 18,720 படுக்கைகள் உள்ளன. பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கு இது ஒதுக்கப்பட்டது. தங்குமிடம் ஆலை உள்ள மாவட்டத்துக்குள்ளேயே வந்தது இதன் பயன்களுள் ஒன்றாகும். 2001ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூர் முழுவதிலும் வாழ்ந்தோரைவிட அதிகமானோர் இவ்வொரு வளாகத்தில் தங்கவும், ஒரே சமையலை உண்ணவும், ஒரே தொட்டிகளின் நீரைப் பருகவும் இயலும்.